காங்கேயம் முதல் க.பரமத்தி வரை: நாற்பதைத் தாண்டியவர்களுக்கு டிரையல்ஸ்

ஞாயிறு. உக்கடம், கோவை

செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத்தடம் பக்கம் போனால் எல்லார் பேச்சும் நொடிக்கணக்கில்தான் இருக்கும். டிரையல்ஸ் என்பது கரடுமுரடான நிலத்தைக் கால் ஊன்றாமல் பைக்கில் கடக்கும் விளையாட்டு, இதில் கடிகாரத்துக்குப் பெரிய வேலை கிடையாது. பாறை, வேர், மணல், ஓடைக்கரை என்று ஒரு துண்டு நிலத்தைக் கொடி கட்டி ஒதுக்குவார்கள். அதற்கு செக்‌ஷன் என்று பெயர். வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் நீலம், நடுவே வண்டி போக வேண்டும். கால் தரையில் படாமல் கடந்தால் 0. ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை என்றால் 2, அதற்குமேல் எத்தனை தரம் ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, கொடியைத் தாண்டி வெளியே போனாலோ, கால் ஊன்றிய நிலையில் இன்ஜின் அணைந்தாலோ 5. குறைவாக எடுத்தவர் ஜெயித்தவர். வேகம் பெரும்பாலும் ஆள் நடக்கிற வேகம்தான்.

ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் ஊரை மையமாக வைத்து நடக்கும் ஆறு நாள் டிரையல்தான் இந்த விளையாட்டின் பழைய திருவிழா. 1965இல் சாமி மில்லர் என்ற வீரர் அங்கே ஸ்பெயின் நாட்டு புல்டாகோ டூ-ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். கனத்த பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் அதோடு இறங்குமுகமானது. உலகச் சாம்பியன்ஷிப் 1975இலிருந்து நடக்கிறது. 1986இல் பிறந்த ஸ்பெயின் வீரர் டோனி போ 2007 முதல் 2024 வரை ஒரு வருஷம்கூட விடாமல் உலகப் பட்டம் எடுத்திருக்கிறார். நாற்பதை நெருங்கும் ஆளை இளவட்டங்கள் அசைக்க முடியவில்லை என்றால் இது எந்த மாதிரி விளையாட்டு என்று புரிந்துகொள்ளலாம். பிரிட்டனில் நாற்பது வயதுக்கு மேல், ஐம்பதுக்கு மேல் என்று தனிப் பிரிவுகளே உண்டு.

போட்டிக்கென்றே செய்த வண்டிகள் (பீட்டா, காஸ்காஸ், ஷெர்கோ, மோன்டெசா, டிஆர்எஸ்) ஏறத்தாழ 70 கிலோதான். உட்கார சீட் இருக்காது, டேங்க்கில் இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும். நம் ஊர்ச் சாலையில் ஓட்டப் பதிவெண் கிடைக்காது. குட்டியானையில் (சிறு சரக்கு வண்டி) ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். பழகுகிறவர் அங்கே தொடங்க வேண்டியதில்லை. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி போதும். 21 அங்குல முன் சக்கரம், 18 அங்குலப் பின் சக்கரம், ஓரளவு தரை இடைவெளி. எடைதான் சிக்கல், 158 கிலோ சொச்சம், போட்டி வண்டியைவிட இரு மடங்குக்கு மேல். அதனால் புத்தகத்தில் 30 சென்டிமீட்டர் கல் என்று போட்டிருந்தால் நீங்கள் 15 என்று படித்துக்கொள்ளுங்கள். நல்ல ஆர்எக்ஸ் 100 கையில் இருந்தால் எடை சாதகம். ஆனால் அதன் இன்றைய சந்தை மதிப்புக்கு யாரும் பாறையில் போட மனம் வராது. தோட்டத்து டிவிஎஸ் எக்ஸெல் சமநிலை பழக நல்லது. கிளட்ச் லீவரே இல்லாததால் பாதிப் பாடத்துக்குமேல் போகாது.

ஒரு வாரப் பயிற்சிப் பயணத்தின் முதல் நாளான இன்றைய வேலை முழுக்கப் பட்டறையில். உக்கடத்தில் பழைய பாகங்கள் கிடைக்கும், லேத் பட்டறைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. செய்ய வேண்டியவை:

இன்ஜினுக்கு அடியில் 4 மி.மீ. அலுமினியத் தகடு. ஃபிரேமில் மாட்ட வேண்டும், இன்ஜின் கேசிங்கில் போல்ட் போடக் கூடாது. கல்லில் மோதும் அடி கேசிங்குக்கே போய் விரிசல் விடும். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேரே ஓட்டை விட மறந்துவிடாதீர்கள்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைவு. 13 பல் இருந்த இடத்தில் 12 போட்டால் கியர் விகிதம் ஏறத்தாழ 8 விழுக்காடு தாழும். முதல் கியரில் இன்னும் மெதுவாகப் போகலாம், கிளட்ச் குறைவாகத் தேயும். மாற்றிய பிறகு செயின் தொய்வைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

கிளட்ச், பிரேக் லீவர்களை ஹேண்டில்பாரில் உள்பக்கம் தள்ளி, ஆள்காட்டி விரல் லீவரின் நுனியில் வருமாறு வையுங்கள். ஒரே விரலில் பிடிக்க அந்த நெம்பு நீளம் வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் முன்கையும் விரலும் ஒரே கோட்டில் சரிய வேண்டும். கிளட்ச் கேபிளில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு இருக்கட்டும். கூடவே இன்னொரு கேபிளை அதே வழியில் இழுத்துக் கட்டி வைத்துவிட்டால், லீவர் முனையில் இழை அறும் நாளில் (அங்கேதான் அறும்) ஐந்து நிமிஷத்தில் மாற்றலாம்.

ஆயில் டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். கார் ஆயிலில் வழுவழுப்புக்காகச் சேர்க்கும் மருந்து, ஆயிலில் ஊறும் கிளட்ச் பிளேட்டை வழுக்க வைத்துவிடும்.

மணிக்கட்டில் கயிறு கட்டும் கில் சுவிட்ச். போட்டியில் இது கட்டாயம். ஆள் கீழே விழும்போது கயிறு பிடுங்கி இன்ஜின் அணைய வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் வண்டியின் கில் சுவிட்ச் ஒயரோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். வண்டியின் பக்கக் கண்ணாடிகளை மைதானத்தில் கழற்றலாம், சாலைக்கு வரும்முன் திரும்ப மாட்ட வேண்டும்.

கடைசியாக, வண்டிக் கடையில் விற்காத ஒன்று. புரோகிரசிவ் அல்லது பைஃபோகல் கண்ணாடி போடுபவர்கள் தூரப்பார்வைக்கு மட்டுமான இன்னொரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். நின்று ஓட்டும்போது இரண்டு மீட்டர் முன்னே உள்ள தரையைப் பார்வையைத் தாழ்த்திப் பார்க்கிறோம். புரோகிரசிவின் கீழ்ப்பகுதி படிக்கிற தூரத்துக்கு ஆனது, கல் மங்கலாகி உயரம் தவறாகத் தெரியும். வயதான புதியவர்கள் காரணமே புரியாமல் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

திங்கள். பல்லடம் வழி காங்கேயம்

தேசிய நெடுஞ்சாலை 81இல் சுமார் 70 கிலோமீட்டர். மார்கழி, தை மாதங்கள்தான் இதற்குத் தோது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் காற்றாலைகளுக்கு நல்லது, நின்றுகொண்டு வண்டி ஓட்டுகிறவருக்கு ஆகாது.

காங்கேயத்தைச் சுற்றித் தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் சிமெண்டுக் களங்கள் நிறைய. பருப்பு பரப்பாத களமோ மூலையோ கிடைத்தால் முதல் பாடத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கேட்பதற்கு முன் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பாருங்கள். ஒரு சொட்டு ஆயில் களத்தில் விழுந்தாலும் அடுத்த ஆளுக்கு அனுமதி கிடைக்காது, கொடுக்கவும் கூடாது. கொட்டாங்குச்சிச் சில்லுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு ஓட்ட வேண்டும். நல்ல கொட்டாங்குச்சிகளை எடுத்து வையுங்கள், அடையாளத்துக்கு ஆகும்.

முதலில் நிற்கக் கற்க வேண்டும். பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில், முட்டி லேசாக மடங்கி, இடுப்பு பின்னால், முழங்கை வெளிப்பக்கம் விரிந்து. கையால் ஹேண்டில்பாரைத் தொங்கிப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் முன்கை கல்லாகிவிடும். விரல்களை எடுத்துவிட்டாலும் விழாத நிலைதான் சரியான நிலை. எடை முழுக்கக் காலில் இருக்கிறதா என்று அப்படித்தான் சோதிப்பது.

அடுத்தது கிளட்ச். முதல் கியர், ஆக்சிலேட்டரை ஐடிலுக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் நிறுத்துங்கள். அதன்பிறகு வலது கை அசையக் கூடாது. வேகம் கூட்டுவதும் குறைப்பதும் இடது ஆள்காட்டி விரல் ஒன்றே. வலது காலால் பின் பிரேக்கை மெல்ல உரசவிட்டால் செயின் எப்போதும் இழுவிசையில் இருக்கும், வண்டி குதிக்காது. இருபத்தைந்து வருஷம் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே ஓட்டிய கைக்கு இதுதான் கடினம்: அந்தக் கை எதற்கும் நான்கு விரலால் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை முறுக்கும்.

இரண்டு கொட்டாங்குச்சிகளை 10 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். கால் ஊன்றாமல் அந்தத் தூரத்தை 20 நொடியில் கடக்க வேண்டும். வந்துவிட்டால் 30. பார்வை அடுத்த கொட்டாங்குச்சிக்கு அப்பால் இருக்கட்டும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்த மறுகணம் கால் இறங்கிவிடும்.

பிறகு வட்டம். 6 மீட்டர் விட்டத்தில் தொடங்கி, ஹேண்டில்பார் முழுக்கத் திரும்பி முட்டும் வரை சுருக்குங்கள். வண்டியை உள்பக்கம் சாயவிட்டு உடம்பை வெளிப்பக்கம் வைக்க வேண்டும்; வெளிக்கால் ஃபுட்ரெஸ்ட்டை அழுத்த, உள்கால் முட்டி வழிவிட்டு விலகும். தார்ச்சாலை வளைவில் செய்வதற்கு நேர்மாறு என்பதால் உடம்பு மறுக்கும். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: ஹேண்டில்பார் முழுக்கத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடுவது. வண்டி அப்படியே உள்பக்கம் உட்கார்ந்துவிடும், பிடிக்க நேரம் இருக்காது. இந்தக் களத்தில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் விழுகிறார்கள்.

நின்ற இடத்தில் சமநிலை பழக, களத்தின் விளிம்புத் திட்டில் முன் சக்கரத்தை முட்டவிட்டு, ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, கிளட்சைக் கடிக்கிற இடத்தில் லேசாக வைத்துச் சக்கரத்தைத் திட்டோடு அழுத்துங்கள். வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் இடது காலையும், இடப்பக்கம் சாய்ந்தால் வலது காலையும் அழுத்தித் திருத்தலாம். நாலைந்து நொடி நின்றாலே நல்ல தொடக்கம். ஒரு நிமிஷத்துக்குமேல் இப்படி வைத்தால் கிளட்ச் காயும்.

காற்றோட்டத்தை நம்பிக் குளிரும் இன்ஜின் நடை வேகத்தில் காற்றே வாங்காது. 15, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை அணைத்து ஆறவிடுங்கள். காந்தல் வாசனை வந்தால் பிளேட் பளபளப்பேறிவிட்டது என்று பொருள். அப்புறம் மேட்டில் ஆக்சிலேட்டர் ஏறும், வண்டி ஏறாது.

செவ்வாய். காங்கேயம், கொறங்காடும் இட்டேரியும்

கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். இரண்டு வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடம் இட்டேரி. இரண்டுமே பழக ஏற்ற இடம், இரண்டுக்குமே ஆள் உண்டு. தோட்டத்துக்காரர் கண்ணில் படும்வரை காத்திருந்து, வண்டியை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்: "ஏனுங்க, இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வண்டி ஓட்டிப் பழகிக்கட்டுங்களா? மாடு கன்னு இருக்கற பக்கம் வரமாட்டோமுங்க." பெரும்பாலும் "ஓட்டிக்குங்க, போறப்ப படலைச் சாத்திட்டுப் போயிருங்க" என்று பதில் வரும். படலைச் சாத்துவது மரியாதைக்காக மட்டும் இல்லை. திறந்து கிடந்தால் சாயங்காலத்துக்குள் மாடு அடுத்த காட்டுச் சோளத்தில் நிற்கும். பூச்சிக் காளை (இனவிருத்திக் காளை) கட்டியிருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

டயர் காற்று இங்கேதான் பேச்சாகிறது. போட்டி வண்டியின் டியூப் இல்லாத டிரையல்ஸ் டயரில் பின்னால் 4 முதல் 5 பிஎஸ்ஐ, முன்னால் 5 முதல் 6. கல்லின்மேல் டயர் பிசைந்து படிவதற்காக அவ்வளவு குறைவு. அந்தக் கணக்கை டியூப் போட்ட வண்டியில் பிடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு பக்கமும் கிழியும். அதோடு டயர் ரிம்மில் வழுக்கி நகர்ந்து வால்வைப் பிடுங்கிவிடும். ரிம் லாக் (டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் பிடிப்பான்) போட்டிருந்தால் 12 முதல் 14, இல்லாவிட்டால் 16 முதல் 18க்குக் கீழே போகாதீர்கள். வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடியோடு சேர்த்து மேலே ஏற்றி வைத்தால், வால்வு சாய்வது கண்ணுக்குத் தெரியும். சாய்ந்தால் டயர் நகர்கிறது, காற்றை ஏற்று. வெள்வேல முள்ளுக்கு டியூபில் சீலண்ட் ஊற்றி வைப்பதும் வழி. திரும்பும்போது சாலைக் காற்றை நிரப்பாமல் நெடுஞ்சாலை ஏறக் கூடாது. கால்பம்பும் காற்று மானியும் பையில் இருக்கட்டும்.

இட்டேரியின் நடுமேடும் இரு சக்கரத் தடங்களும் நல்ல வாத்தியார். ஒரு தடத்திலிருந்து மற்றதற்குக் குறுக்கே மாற முன் சக்கரத்தைச் சாய்வாக நகர்த்தினால் விளிம்பில் உரசிக்கொண்டே போய் விழும். சக்கரம் முடிந்தவரை குறுக்காக, கிட்டத்தட்ட செங்கோணத்தில் விளிம்பைச் சந்திக்க வேண்டும், அந்த நேரம் முன்பக்கம் இலேசாக வேண்டும்.

இலேசாக்குவது இப்படி. வரப்பு அல்லது 15 சென்டிமீட்டர் கனமுள்ள தென்னந்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடை வேகத்தில், செங்கோணத்தில் போங்கள். ஒரு சக்கர விட்டம் தூரம் இருக்கும்போது முட்டியை மடக்கி முன் ஃபோர்க்கை அமுக்குங்கள். அது எழும்பும்போது உடம்பைப் பின்னால் கொண்டுபோய், கிளட்சை விட்டபடி ஆக்சிலேட்டரை ஒரு துளி கொடுங்கள். முன் சக்கரம் துண்டின் மேல்விளிம்பைத் தொட்டதும் ஆக்சிலேட்டரை மூடிக் கிளட்சைப் பிடியுங்கள். பின் சக்கரம் வந்து மோதும்போது முட்டி தளர்ந்திருக்க வேண்டும். வண்டி உங்கள் கால்களுக்கிடையே எழும்பி இறங்கட்டும், உடம்பு அதே உயரத்தில் இருக்கட்டும்.

தவறு எப்போதும் கடைசிப் படியில்தான். பின் சக்கரம் மோதும் நேரம் ஆக்சிலேட்டர் திறந்திருந்தால் பின்பக்கம் எகிறி ஆளை ஹேண்டில்பாருக்கு மேல் தள்ளும். முன் சக்கரம் எழவே இல்லை என்றால் கையால் இழுக்கிறீர்கள். 158 கிலோவைக் கையால் தூக்க முடியாது. ஃபோர்க்கும் கிளட்சும்தான் தூக்க வேண்டும்.

வெங்கச்சங்கல் (வெள்ளைப் படிகக்கல்) கிடக்கும் சரிவில் கல்லைச் சுற்றிப் போகப் பார்க்காதீர்கள். உருளும் கல்மீது முன் சக்கரம் பக்கவாட்டில் விலகுவது இயல்பு. கையை இறுக்காமல் விட்டால் தானே திரும்பி வரும்.

புதன். காங்கேயம்

ஓட்டம் இல்லை. உடம்புக்கு ஒரு நாள் விடுவதுதான் இந்த வயதில் பயிற்சித் திட்டமே. தொடை, கீழ்முதுகு, முன்கை மூன்றும் பிடித்திருக்கும். மணிக்கட்டு வீங்கியிருந்தாலோ முட்டி மடக்கும்போது குத்தினாலோ நாளையும் வேண்டாம். ரத்தக்கொதிப்பு, இதயம் குறித்து மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதில் இறங்கியிருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் கால் வழுகுவது தெரியாது, இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மெதுவான ஓட்டத்திலும் சர்க்கரை சட்டென இறங்கலாம். பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும்.

வியாழன். தாராபுரம், அமராவதி

காங்கேயத்திலிருந்து தெற்கே போகும் சாலையில் ஊதியூர் மலை அழகாகக் கூப்பிடும். அது காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன் கீழ்க் குற்றம். மலை அடிவாரத்தில் எல்லைக்கல் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பட்டா நிலத்தோடு நிற்க வேண்டும். திருமூர்த்தி மலைப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம் என்பதால் பேச்சே இல்லை.

வறண்ட ஆற்றோரத்தில் மணல் பாடம். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரிக்காமல் இறங்க வேண்டாம். உடுமலைப் பக்கம் திறப்பது தாராபுரத்து வானத்தைப் பார்த்தால் தெரியாது.

மணலில் இரண்டாம் கியர். எடை பின்னால், முன் சக்கரம் மிதக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மூடினால் எடை முன்னே பாய்ந்து சக்கரம் புதையும், ஹேண்டில்பார் மடங்கும். நிறுத்த வேண்டுமென்றால் பிரேக் தேவையில்லை, ஆக்சிலேட்டரைத் தளர்த்தினாலே மணல் நிறுத்திவிடும். திரும்புவதற்குக் கையைவிடக் கால் முக்கியம். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்க ஃபுட்ரெஸ்ட்டை அழுத்துங்கள். பின் சக்கரம் புதைந்து சுழன்றால் உடனே நிறுத்துங்கள். முறுக்க முறுக்க செயின் வரை குழி தோண்டும். வண்டியை ஒரு பக்கம் படுக்கவைத்து, குழியில் மணலைத் தள்ளி, தூக்கி நிறுத்தினால் எளிதாக வெளியே வரும்.

டிரையல்ஸ் என்ற அளவில் மணல் சிறு பாடம்தான். கற்றுக்கொண்டு நகரலாம்.

வெள்ளி. சென்னிமலை, அறச்சலூர்

இந்தப் பயணத்தின் உயிர் இங்கே. மானாவாரிக் காடுகளுக்கு நடுவே யானைமுதுகு மாதிரி மேலெழுந்த கருங்கல் பாறைகள். உழவுக்கு உதவாத இடம் என்பதால் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அறச்சலூர் நாகமலையில் தமிழி எழுத்தில் இசைக்குறிப்புக் கல்வெட்டு இருக்கிறது. இந்த வட்டாரத்தில் எந்தப் பாறையிலும் வெட்டெழுத்தோ பழைய கற்படுக்கையோ கோயில் அடையாளமோ இருந்தால் டயர் படக் கூடாது.

முதலில் நடந்து பார்க்க வேண்டும். போட்டியிலும் அப்படித்தான்: ஓட்டுகிறவர் செக்‌ஷனைக் காலால் அளந்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். எந்த இடத்தில் ஏறுவது, எங்கே ஆக்சிலேட்டரைக் குறைப்பது, தவறினால் எந்தப் பக்கம் குதிப்பது என்று மூன்றையும் முடிவு செய்யுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத பாறையில் ஏறாதீர்கள். செருப்பை உரசிப் பாருங்கள், காய்ந்த பாறை கிரீச்சிடும், பிடி அருமையாக இருக்கும். நீர்க்கசிவுள்ள கறுத்த தடம் பாசி. அதில் எந்த டயரும் நிற்காது. வெடித்து அப்பளமாகப் பெயரும் மேல்தோல் இருந்தால் காலால் மிதித்துச் சோதியுங்கள்.

ஏற்றத்தில் வேகத்தைக் கீழேயே எடுத்துக்கொள்ள வேண்டும். சரிவில் பாதி ஏறியபின் முறுக்கினால் பின் டயர் சுழலும் அல்லது முன் சக்கரம் தூக்கும். முதல் கியருக்குப் பதில் இரண்டாம் கியரில் கிளட்சோடு ஏறுவது பல பாறைகளில் மென்மையாக இருக்கும். உடம்பு முன்னே, ஆனால் முழுக்க முன்னே போனால் பின் சக்கரத்தில் பிடி போய்விடும். இடுப்பு ஃபுட்ரெஸ்ட்டுக்கு நேர் மேலே இருந்தால் சரி.

நடுவழியில் அணைந்துவிட்டால்? இதை ஏறுவதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும். கை தானாக முன் பிரேக்கையும் கிளட்சையும் பிடிக்கும். சரிவில் எடை முழுக்கப் பின் சக்கரத்தில். முன் பிரேக் பிடித்தாலும் முன் டயர் வழுக்கி வண்டி பின்னோக்கி வரும். கிளட்சை விடுங்கள். கியரில் இருக்கும் அணைந்த இன்ஜினே பின் பிரேக். வண்டி நின்றதும் மேட்டுப் பக்கமாக இறங்கி, மேட்டுப் பக்கமே படுக்கவையுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். பின் சக்கரத்தை ஊன்றாக வைத்து முன் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கீழ்நோக்கித் திருப்பி, தூக்கி நிறுத்தி, முதல் கியரில் கிளட்சை விட்டு விட்டுப் பிடித்து இறக்கலாம். பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச தூரம் சரிவிலேயே ஏறி, வேண்டுமென்றே அணைத்து, இதைச் செய்து பழகியவருக்கு மேட்டில் பயம் பாதி போய்விடும்.

இறக்கத்தில் முதல் கியர், கிளட்ச் லீவரை முழுக்க விட்டு, முட்டி மடங்கி இடுப்பு சீட்டின் பின்விளிம்புக்கு மேல். காய்ந்த பாறையில் முன் பிரேக்தான் வேலை செய்யும், ஒரு விரலால் மெல்ல ஏற்றுங்கள். பாறை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அந்த விரலைத் தளர்த்த வேண்டும். பாறையில் பிடித்த அதே அழுத்தம் சரளை மண்ணில் முன் சக்கரத்தை வழுக்கிவிடும்.

படிக்கல் ஏற்றம் தென்னந்துண்டுப் பாடத்தின் நீட்சிதான். 158 கிலோ வண்டிக்கு 20 சென்டிமீட்டருக்குமேல் உள்ள செங்குத்துப் படி இப்போதைக்கு வேண்டாம். படி உயரமானால் அடித்தகடு விளிம்பில் உட்காரும், பின் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அடியில் ஒரு தட்டைக் கல்லைச் சாய்வாக வைத்துப் பழகுவதில் வெட்கம் இல்லை.

ஆளுக்கு முழங்கால் காப்பு, கணுக்காலுக்கு மேல் வரும் விறைப்பான பூட்ஸ், கையுறை. டிரையல்ஸ் வீரர்கள் முகம் திறந்த ஹெல்மெட் போடுவதைப் படத்தில் பார்த்து வாங்க வேண்டாம். கனமான வண்டியோடு பாறையில் பழகும் புதியவருக்கு முழுமுக ஹெல்மெட்தான். சூடு தாங்காவிட்டால் காலை 6 முதல் 9 வரை ஓட்டுங்கள். 9 மணிக்குமேல் பாறை திருப்பி அடிக்கும்.

தனியாகப் பாறைக்குப் போகக் கூடாது. காலின்மேல் வண்டி விழுந்து கிடக்கும்போது கூப்பிட ஒரு ஆள் வேண்டும்.

சனி. தென்னிலை, க.பரமத்தி

கரூர்ப் பக்கம் வந்தாலே ஜல்லிக் கற்குவாரிகள். கைவிட்ட பாறைக்குழியைப் பார்த்ததும் "இதைவிடத் தோதான இடமா" என்று தோன்றும். அல்ல. வெடிவைத்த சுவரில் தளர்ந்த கல் தானாக விழும். விளிம்பு உள்ளே குடைந்திருக்கும். தேங்கிய தண்ணீரின் ஆழம் பார்வைக்குத் தெரியாது. குழிக்குள்ளும் வேண்டாம், விளிம்பிலும் வேண்டாம். வெளியே கொட்டிவைத்த பெரிய கற்குவியலும் அசையும். பக்கத்துக் கரட்டின் அடிவாரத்தில் காலகாலமாக அசையாமல் கிடக்கும் கற்கள் போதும்.

இன்று செக்‌ஷன் போடுகிற நாள். இரண்டு மூன்று பேர் இருந்தால் ஒருவர் அப்சர்வர், அதாவது கால் ஊன்றுவதை எண்ணிப் புள்ளி போடுகிறவர். குச்சியில் சிவப்பு, நீலத் துணி கட்டி 1.5 மீட்டர் அகலம் விட்டு நடுங்கள். நீளம் 20 முதல் 30 மீட்டர். நுழைவு, ஒரு இறுக்கமான திருப்பம், ஒரு சாய்வு, ஒரு சிறு படி, வெளியேற்றம். நல்ல செக்‌ஷன் போடுவது ஒரு கலை. படி அல்ல, படிக்கு முந்தைய திருப்பம்தான் புள்ளி பிடுங்க வேண்டும். திருப்பத்திலிருந்து படிக்கு 2 மீட்டருக்குக் குறைவான இடம் விட்டால் வேகம் எடுக்க முடியாது. ஓட்டுகிறவர் கிளட்சைத் தேட வேண்டிவரும். விழுந்தால் விழும் பக்கத்தில் கூர்க்கல்லோ வேலிக்கம்பமோ இருக்கக் கூடாது.

ஒரே செக்‌ஷனை மூன்று முறை ஓட்டுங்கள், சுற்றுக்கு நடுவே பத்து நிமிஷம் ஓய்வு. முதல் சுற்றில் 5, இரண்டில் 3, மூன்றில் 1 என்று இறங்கினால் செக்‌ஷன் உங்கள் அளவுக்குச் சரி. மூன்றிலும் 5 என்றால் படியை எடுத்துவிடுங்கள். மூன்றிலும் 0 என்றால் கொடியை நெருக்குங்கள். காலை ஊன்றுவதில் கவனிக்க ஒன்று உண்டு: திணறி மூன்று தரம் ஊன்றிக் காப்பாற்றுவதைவிட, தடுமாறப் போகிற இடத்தில் ஒரே ஒருமுறை திட்டமிட்டு ஊன்றுவது லாபம். புள்ளி 1தான். நிபுணர்களும் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

மூன்றாம் சுற்றில் திடீரென்று எல்லாம் கெட்டுப்போனால் அது திறமைக் குறைவு இல்லை, முன்கைச் சோர்வு. விரல் கிளட்ச் கடிக்கும் இடத்தை உணராது. அன்றைக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும். காயங்கள் பெரும்பாலும் "இன்னும் ஒரே ஒரு தரம்" என்ற சுற்றில்தான் வருகின்றன.

திரும்பும் வழிக்குக் குட்டியானை. பலகை வைத்து ஏற்றும்போது வண்டியில் ஏறி ஓட்டாதீர்கள், பக்கத்தில் நடந்து முதல் கியரில் கிளட்சால் ஏற்றுங்கள். முன் சக்கரம் முன்சுவரில் முட்ட, ஹேண்டில்பாரின் இருபுறமும் ராட்செட் பெல்ட். ஃபோர்க் பாதிக்கு மேல் அமுங்கக் கூடாது. முழுக்க அமுக்கிக் கட்டினால் கோவை போவதற்குள் ஃபோர்க் சீல் ஆயில் கசியும். பின் சக்கரத்துக்கு இன்னொரு பெல்ட். சைடு ஸ்டாண்டு மேலே.

கழுவும்போது தண்ணீர்ப் பீய்ச்சியை சக்கர பேரிங்குக்கும் ஸ்டீயரிங் கழுத்துக்கும் நேரே காட்டக் கூடாது. ஏர் ஃபில்டரில் கொறங்காட்டுப் புழுதி அப்பியிருக்கும். காகித வகை என்றால் மாற்றுங்கள், ஸ்பாஞ்சு வகை என்றால் கழுவிக் காயவைத்து ஃபில்டர் ஆயில் தடவுங்கள். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், 'டங்' என்னாமல் 'டப்' என்பதை இறுக்க வேண்டும். அடித்தகட்டைக் கழற்றி உள்ளே மாட்டிய கல்லை எடுங்கள், போல்ட்டுகளுக்கு லாக் திரவம் இட்டு மாட்டுங்கள். ஆயிலை வடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு மட்டும் என்றால் சரி, காந்தல் வாசனையோடு பொடிப்பொடியாக இருந்தால் கிளட்ச் பிளேட்டைத் திறந்து கனத்தை அளந்து, வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அடுத்த முறை க.பரமத்திக் கரட்டுக்குப் போவதற்குப் பழைய ஸ்பிரிங்கும் புதுப் பிளேட்டும் தாங்காது.